பெயரை நீக்கினால் மட்டும் போதுமா? மருத்துவ ஆய்வுத் தரவைப் பொதுவெளியில் வைக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் 1990-களில் அவர்களுடைய மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுத்தான் வழங்கியது. அப்போது எம்ஐடி மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி அதோடு ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த நகரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு அப்படியே அகப்பட்டது.

ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெயர் அல்ல. தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாததாகத் தெரியும் மூன்று நான்கு தகவல்களின் சேர்க்கை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சேர்க்கையைப் பற்றியதுதான். இதற்குப் பயந்து தரவைப் பூட்டி வைப்பதும் சரியல்ல. ரத்தம் கொடுத்து, ஸ்கேனுக்குள் படுத்து, கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களின் உழைப்பு ஒரே ஒரு கட்டுரையோடு முடிந்துவிடக் கூடாது.

படி 1: எந்த வழியில் பகிர்வது?

வழிகள் மூன்று. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம் என்பது முதலாவது. விண்ணப்பித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பெறுவது இரண்டாவது. தரவு இருந்த இடத்திலேயே இருக்க, ஆய்வாளரின் நிரல் மட்டும் அங்கே வந்து ஓடி, முடிவுகள் மட்டும் வெளியே போவது மூன்றாவது.

முழு மரபணுத் தொடர் என்றால் முதல் வழியை மறந்துவிடுங்கள். மரபணுத் தொடரை அடையாளமற்றதாக்க வழி இல்லை. தனிநபர் விவரமே இல்லாமல், ஒரு குழுவின் மரபணு மாறுபாட்டு விகிதங்களை மட்டும் வெளியிட்டாலும், குறிப்பிட்ட ஒருவர் அந்தக் குழுவில் இருந்தாரா என்று சொல்ல முடியும் என 2008-இல் ஹோமரும் சகாக்களும் காட்டினார்கள். உடனே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தொகுப்புகளைப் பொதுவெளியிலிருந்து விலக்கிக்கொண்டது. மரபணு ஒருவரோடு நிற்பதும் இல்லை. ஒப்புதலே தராத அண்ணன், அத்தை, பேரன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தரவும், ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் விண்ணப்பித்துப் பெறும் முறையில்தான் இருக்கிறது.

மருத்துவரின் எழுத்துக் குறிப்புகள், அரிய நோய், எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு, சிறு கிராமம் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு ஆகியவற்றுக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் வழியே பொருந்தும். ரத்தப் பரிசோதனை எண்கள், முகம் நீக்கிய மூளை ஸ்கேன், பரந்த பகுதியில் எடுத்த கணக்கெடுப்பு போன்றவற்றைத் தக்க வேலை செய்தபின் முதல் வழியில் வைக்கலாம்.

படி 2: ஒப்புதல் படிவம்

இது ஆய்வு தொடங்கும் முன்னரே முடிய வேண்டிய வேலை. 'உங்கள் தகவலை எங்கள் குழுவைத் தவிர வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்', 'ஆய்வு முடிந்ததும் அனைத்தும் அழிக்கப்படும்' போன்ற வரிகள் பழைய படிவங்களிலிருந்து நகலெடுத்தே வந்துகொண்டிருக்கின்றன. அந்த வரியில் ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் அவர் தரவைப் பகிர உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

'உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிய பிறகு, இந்த ஆய்வில் கிடைத்த தகவல்களை மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி இணையச் சேமிப்பகத்தில் வைப்போம். உங்களை யாரும் அடையாளம் காணாதபடி எல்லா முயற்சியும் எடுப்போம். ஆனாலும் நூறு சதவீத உறுதி தர முடியாது. வெளியிடும் முன் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகலாம். வெளியிட்ட பிறகு, பிறர் ஏற்கெனவே பதிவிறக்கியதைத் திரும்பப் பெற முடியாது. இதற்குச் சம்மதிக்காவிட்டாலும் ஆய்வில் பங்கேற்கலாம். உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது.'

ஆய்வில் பங்கேற்க ஒரு கையெழுத்து, பகிர்வதற்கு வேறொரு கையெழுத்து என்று தனித்தனியாக வாங்குங்கள். எந்த வகை ஆய்வுகளுக்குப் பயன்படும் என்பதையும் சொல்லுங்கள். அரிசோனாவின் ஹவசுப்பாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம் மனச்சிதைவு, குடிபெயர்வு வரலாறு போன்ற ஆய்வுகளுக்கும் போனது. அந்த வழக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2010-இல் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒருவர் பெயர்கூட வெளியே வராமலே ஒரு சமூகம் முழுவதையும் புண்படுத்த முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. சாதி அல்லது பழங்குடி வாரியாகத் தரவு வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்களும், 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். அந்தச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு தருகிறது. ஆனால் தரவை வைத்துத் தனிமனிதர் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, வகுக்கப்பட்ட தரங்களின்படி கையாள வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் தருகிறது. எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எந்தச் சேமிப்பகம், எந்த வழி, எந்தெந்த மாறிகள் (வயது, எடை போன்ற தகவல்கள்) என்று எழுதிவிடுங்கள்.

படி 3: நேரடி அடையாளங்களை நீக்குதல்

பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், ஆதார், ஓபி எண், ஆய்வகச் சீட்டு எண், வாகன எண், புகைப்படம் இவை எல்லாம் போக வேண்டும். அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பாவின் விதியில் உள்ள 18 வகை அடையாளங்களின் பட்டியலைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அமெரிக்காவுக்காக எழுதியது. அதில் சாதி இல்லை.

அதிகம் நடக்கும் தவறு, ஓபி எண்ணையோ தொலைபேசி எண்ணையோ ஹாஷ் செய்து (கணித முறையில் வேறொரு குறியீடாக மாற்றி) அதையே புது அடையாள எண்ணாக வைப்பது. பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான். அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடுவது இன்றைய கணினிக்குச் சிறிய வேலை. நியூயார்க் டாக்ஸி தரவு 2014-இல் இப்படித்தான் உடைந்தது. ஆகவே எண்ணைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். சேர்ந்த வரிசைப்படி 001, 002 என்று கொடுத்தால் யார் எந்த வாரம் வந்தார் என்பது தெரிந்துவிடும். அட்டவணையில் நோயாளிகளின் வரிகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கையும் கலைத்துவிடுங்கள். பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் குறியாக்கம் செய்து, தரவு இருக்கும் கணினியில் அல்லாமல் வேறிடத்தில், இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள்.

அட்டவணையில் எழுத்துக் குறிப்புகள் உள்ள பத்திகளை (நெடுக்குக் கட்டங்களை), தவிர்க்க முடியாத காரணம் இல்லாவிட்டால், முழுதாகவே விட்டுவிடுங்கள். ஆங்கில மருத்துவக் குறிப்புகளுக்காகப் பழக்கிய அடையாள நீக்க மென்பொருள்கள் நம் பெயர்களிடம் தோற்றுப்போகும். செல்வி, மலர், வெற்றி எல்லாம் பெயரும்தான், சாதாரணச் சொல்லும்தான். ஒரே முருகேசனை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். இன்ஷியல் முன்னால் வரும். பெயர் போனாலும் 'பஞ்சாயத்துத் தலைவரின் மனைவி, சென்ற மாதம் பேருந்து விபத்தில் அடிபட்டவர்' என்ற வரி அங்கேயே நிற்கும்.

படி 4: தேதிகள்

எல்லாத் தேதிகளையும் 'ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையாவது நாள்' என்று மாற்றிவிடுவதே எளிதும் பாதுகாப்பும். சேர்ந்த நாள் 0, முதல் மறுபரிசோதனை 31, அறுவை சிகிச்சை 112 என்று வரும். இடைவெளிகள் கெடாது.

உண்மையான தேதி வடிவம் தேவைப்பட்டால் நகர்த்தல் முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் ஓர் எண்ணைத் தேர்ந்து, அவருடைய எல்லாத் தேதிகளையும் அதே அளவு நகர்த்த வேண்டும். 7-இன் மடங்காக நகர்த்தினால் கிழமை மாறாது. வார இறுதியில் மருத்துவமனையில் சேர்பவர்களை ஆராய்பவர்களுக்கு அது தேவை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைத் தரவான மிமிக் தொகுப்பில் தேதிகள் 2100-க்கு அப்பால் நகர்த்தப்பட்டிருக்கும். பார்த்தவுடனே இது உண்மைத் தேதி அல்ல என்று தெரியும்.

இதில் ஒரு இடத்தில் பிசகினால் எல்லாமே பிசகும். மருந்துக் கோப்பை நகர்த்திவிட்டு, ஆய்வகக் கோப்பில் ஒரே ஒரு பத்தியை மறந்துவிட்டால், அந்த ஒரு தேதியை வைத்து நகர்த்தல் எண்ணைக் கண்டுபிடித்து, அவருடைய மற்றத் தேதிகள் அனைத்தையும் மீட்டுவிடலாம். கோவிட் பரிசோதனை என்ற பத்தி இருந்தாலே காலம் 2020 அல்லது அதற்குப் பிந்தியது என்பதும் வெளிப்படும். டெங்கு போலப் பருவத்தைச் சார்ந்த நோயானால் நகர்த்தல் ஆய்வையே பாழாக்கும். அப்போது மாதத்தை மட்டும் தனிப் பத்தியாகக் கொடுத்து, ஆண்டை நீக்குங்கள்.

பிறந்த தேதி வேண்டவே வேண்டாம். வயது போதும். 89-க்கு மேற்பட்டவர்களை எல்லாம் '90+' என்று ஒன்றாக்குங்கள்.

படி 5: சேர்ந்து காட்டிக்கொடுக்கும் தகவல்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரு கற்பனைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம்: ஒரு மாவட்டத்தில் 420 பேரிடம் எடுத்த நீரிழிவு ஆய்வு. வயது, பாலினம், ஊராட்சி, தொழில், சாதி, பிள்ளைகள் எண்ணிக்கை, ஹெச்பிஏ1சி (சர்க்கரைப் பரிசோதனை), மனச்சோர்வு மதிப்பெண் என்று பத்திகள். '58, பெண், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, 5 பிள்ளைகள்' என்ற ஒரு வரிசை போதும். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்வார்கள். பிறகு அவருடைய மனச்சோர்வு மதிப்பெண்ணும் ஊருக்கே தெரிந்துவிடும்.

முதலில், வெளியாளுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ தெரிந்திருக்கக்கூடிய பத்திகளைத் தனியே குறியுங்கள். இங்கே முதல் ஆறும் அப்படிப்பட்டவை. அந்த ஆறையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மாதிரி இருப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எக்செலில் தரவைத் தொகுத்து எண்ணும் பைவட் அட்டவணையிலேயே எண்ணலாம். ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் எஸ்டிசி-மைக்ரோ, தனி மென்பொருளாக ஏஆர்எக்ஸ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. மிகச் சிறிய குழுவின் அளவே கே-மதிப்பு. கட்டுப்பாட்டுடன் பகிர்வதற்கு 5 என்பது பொதுவான வழக்கம். பொதுவெளி என்றால், ஐரோப்பிய மருந்து முகமை 0.09 என்ற அபாய வரம்பை வைத்திருக்கிறது. அதாவது ஒருவரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய 11-இல் ஒரு வாய்ப்பு; குழுவில் 11 பேர் வேண்டும்.

மேலே சொன்ன தொகுப்பில் பெரும்பாலான வரிசைகள் தன்னந்தனியாகவே நிற்கும். சரிசெய்யும்போது ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப் போங்கள். தேவையில்லாத பத்தியை முதலில் நீக்குங்கள். நீரிழிவு ஆய்வுக்குப் பிள்ளைகள் எண்ணிக்கை எதற்கு? அடுத்து விரிவாக்குங்கள்: வயது ஐந்தாண்டு அல்லது பத்தாண்டு இடைவெளியாக, ஊராட்சி நகரம்/கிராமம் என்று, தொழில் நான்கு பெரும் பிரிவுகளாக. அப்படியும் தனித்து நிற்கும் கட்டங்களை மட்டும் வெறுமையாக்குங்கள். வரிசையையே நீக்குவது கடைசி. ஏனென்றால் தனித்து நிற்பவர்கள் மிக முதியவர்கள், திருநர்கள், சிறு சமூகத்தினர். அவர்களை நீக்கிக்கொண்டே போனால் மருத்துவ ஆய்வில் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் முழுதாகவே மறைந்துவிடுவார்கள். கட்டங்களை அதிகம் வெறுமையாக்க வேண்டி வந்தால், தரவைச் சிதைக்காமல் படி 1-க்குத் திரும்பி இரண்டாம் வழியை எடுங்கள்.

கே-மதிப்பு நன்றாக இருந்தாலும் ஓட்டை இருக்கலாம். 45–49 வயது ஆண்கள் 12 பேர், 12 பேருக்கும் எச்ஐவி என்றிருந்தால், எந்த வரிசை யாருடையது என்று தெரியவே வேண்டாம். அந்த ஆய்வில் அவர் இருந்தார் என்று தெரிந்தாலே போதும். எனவே ஒவ்வொரு குழுவுக்குள்ளும் முக்கியமான விடை ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிக அதிகமான, மிகக் குறைவான மதிப்புகளும் கவனிக்க வேண்டியவை. 195 செ.மீ. உயரம், 160 கிலோ எடை என்பவரை யாரும் மறக்கமாட்டார்கள். உயரத்தையும் எடையையும் விட்டுவிட்டு பிஎம்ஐ மட்டும் கொடுக்கலாம். மேல், கீழ் 1 சதவீத மதிப்புகளை எல்லை மதிப்போடு நிறுத்தலாம். குடும்ப எண் இருந்தால், ஒரே வீட்டில் 11 பேர் என்பதும் அடையாளமே.

படி 6: ஸ்கேன் படங்கள்

ஸ்கேன் கருவிகள் சேமிக்கும் டைகாம் வடிவக் கோப்பின் தலைப்பில் பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் தேதி, பரிந்துரைத்த மருத்துவர் எல்லாம் இருக்கும். தெரிந்த புலங்களை நீக்கினால் மட்டும் போதாது. ஒற்றைப்படைக் குழு எண் கொண்ட புலங்களில் கருவி தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி எதையும் எழுதியிருப்பார்கள். 'இவற்றை மட்டும் வைத்துக்கொள், மற்றதெல்லாம் நீக்கு' என்ற முறையே பாதுகாப்பு. அல்ட்ராசவுண்ட் படங்களில் நோயாளி பெயர் படத்தின் மேல் விளிம்பிலேயே பதிந்திருக்கும். அந்தப் பட்டையைக் கறுப்பாக்க வேண்டும்.

மூளை எம்ஆர்ஐயை டிசிஎம்2நிக்ஸ் என்ற மென்பொருள் கொண்டு, மூளை ஆய்வில் வழக்கமான நிஃப்டி கோப்பு வடிவத்துக்கு மாற்றும்போது, துணைக் கோப்பில் பெயர் வராமல் அது இயல்பாகவே பார்த்துக்கொள்ளும். ஆனால் கோப்பின் பெயரை அது இயல்பாக அமைக்கும் விதத்தில் கோப்புறைப் பெயரும் ஸ்கேன் நேரமும் இருக்கும். கோப்புறைக்கு நோயாளி பெயர் வைத்திருந்தால் அத்தனை கோப்பிலும் அது ஏறிவிடும். கோப்புப் பெயரை நீங்களே கொடுங்கள்.

அடுத்தது முகம். மேயோ கிளினிக் குழு 2019-இல் 84 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐயிலிருந்து முகங்களை உருவாக்கி, சாதாரண முக அடையாள மென்பொருளில் அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிட்டது. 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. பைடிஃபேஸ் போன்ற கருவியால் முகத்தை நீக்குங்கள். டி1 என்ற எம்ஆர்ஐ வகைப் படத்துக்கு மட்டும் செய்துவிட்டு, அதே நபரின் டி2, ஃபிளேர் ஆகிய மற்ற வகைப் படங்களை மறந்துவிடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றையும் முப்பரிமாணமாகச் சுழற்றிப் பாருங்கள். சிலவற்றில் மூக்கு மிச்சமிருக்கும். சிலவற்றில் நெற்றியை ஒட்டிய மூளைப் பகுதி வெட்டுப்பட்டிருக்கும். மூளைப் படங்களுக்கான பொது ஒழுங்கான பிட்ஸ் முறையில் கோப்புகளை அடுக்கினால் பயன்படுத்துவோருக்கு எளிது.

படி 7: கோப்புக்குள் ஒளிந்திருப்பவை

இறுதிக் கோப்பைச் சிஎஸ்வியாகவே (வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள அட்டவணைக் கோப்பாக) கொடுங்கள், எக்செலாக அல்ல. பத்தியை நீக்கினாலும் பைவட் அட்டவணை மூலத் தரவின் நகலைத் தனக்குள் வைத்திருக்கும். மறைத்த தாள்களும் உள்ளேயே இருக்கும். ஆர் மொழியில் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் மாடலைச் சேமித்துப் பகிர்ந்தால், அதைப் பொருத்தப் பயன்பட்ட வரிசைகளும் அதனுடனே போகும். நிரலையும் அதன் விடையையும் சேர்த்தே சேமிக்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் 'முதல் ஐந்து வரிசையைக் காட்டு' என்று ஒருமுறை கேட்டிருந்தால் அந்த ஐந்து நோயாளிகளும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்துக்குப் போய்ச் சேர்வார்கள். பதிப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளில் பின்னர் நீக்கினாலும் பழைய பதிப்பில் இருக்கும். ஆகவே பகிர்வதற்கென்று புதிய, வெற்றுக் களஞ்சியம் தொடங்குங்கள்.

படி 8: உடைத்துப் பார்த்தல்

ஆய்வுக் குழுவில் இல்லாத, விவரமறிந்த ஒருவரிடம் தரவைக் கொடுத்து, இணையத்தையும் செய்தித்தாளையும் வைத்து யாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று சில நாள் முயலச் சொல்லுங்கள். எத்திக்ஸ் கமிட்டியிடம் முன்னரே சொல்லிவிட்டு, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தோடு செய்ய வேண்டும். கூடவே, உங்கள் கட்டுரையின் முதன்மை அட்டவணையை வெளியிடப்போகும் கோப்பிலிருந்தே மறுபடி கணக்கிடுங்கள். முடிவு மாறியிருந்தால் எந்த மாற்றத்தால் மாறியது என்று கண்டு, அதைத் தரவோடு எழுதி வையுங்கள்.

படி 9: சேமிப்பகம், உரிமம், அகராதி

ஸெனோடோ பொதுவான சேமிப்பகம். டிஓஐ என்ற நிலையான அடையாள எண் தரும், திறந்த பகிர்வும் கட்டுப்படுத்திய பகிர்வும் இரண்டும் உண்டு. மூளை ஸ்கேனுக்கு ஓபன்நியூரோ; அங்கே எந்த உரிமையையும் தக்கவைக்காத சிசி0 உரிமம் மட்டுமே. மருத்துவமனை அளவீடுகளுக்கு பிசியோநெட். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பதிப்புரிமையைத்தான் கையாளும், நோயாளியின் அந்தரங்கத்தை அல்ல. யாரையும் அடையாளம் காண முயலக் கூடாது, தற்செயலாகத் தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பதெல்லாம் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

அகராதிக் கோப்பில் ஒவ்வொரு பத்திக்கும் பொருள், அலகு, விடுபட்டதற்கான குறி மூன்றும் கட்டாயம். நம் ஆய்வகங்கள் சர்க்கரையை மி.கி./டெ.லி. என்று தருகின்றன, ஐரோப்பிய ஆய்வாளர் மில்லிமோல் என்று நினைப்பார், இரண்டுக்கும் 18 மடங்கு வித்தியாசம். 999 என்று விடுபட்டதைக் குறித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வயதை இடைவெளியாக்கியது, தேதியை நகர்த்தியது எல்லாம் அங்கே இருக்க வேண்டும். நகர்த்திய எண்கள் மட்டும் இருக்கக் கூடாது.

படி 10: பகுப்பாய்வு முடிவுகளைச் சரிபார்த்தல்

மூன்றாம் வழிக்கு நல்ல முன்மாதிரி இங்கிலாந்தின் ஓபன்சேஃப்லி. ஆய்வாளர்கள் போலித் தரவில் நிரலை எழுதிச் சோதிக்கிறார்கள். நிரல் பாதுகாக்கப்பட்ட இடத்தில் உண்மைத் தரவின்மேல் ஓடுகிறது. முடிவை மனிதர்கள் சரிபார்த்த பிறகே வெளியே விடுகிறார்கள். இந்த முறையில்தான் 2020-இல் 1.7 கோடிப் பேரின் பதிவுகளை வைத்துக் கோவிட் மரண அபாயத்தை ஆராய்ந்தார்கள். சிறிய நிறுவனமும் பூட்டிய ஒரு கணினி, போலித் தரவு, சரிபார்க்க இரண்டு பேர் ஆகியவற்றோடு இதையே செய்யலாம்.

சரிபார்ப்பவர் பார்க்க வேண்டியவை: 10-க்குக் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறைத்தால் பயனில்லை. மொத்தம் 40, கட்டங்கள் 23, 14, 3. இதில் 3-ஐ மறைத்தாலும் கழித்தல் போட்டால் வந்துவிடும். 14-ஐயும் மறைக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் அருகிலுள்ள 5-இன் மடங்குக்கு மாற்ற வேண்டும். முந்தைய அட்டவணையில் 120 பேர், திருத்தியதில் 119 பேர் என்றால், இரண்டையும் கழித்தால் விலகிய ஒருவர் முழுதாகத் தெரிவார். ஆகவே முன்பு வெளியே போன அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதியதைப் பாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் என்பவை தனி ஒருவரின் எண்கள். சிதறல் வரைபடத்தைப் பிடிஎஃப் வடிவில் வெளியிட்டால் ஒவ்வொரு புள்ளியின் துல்லியமான இடமும் கோப்பிலேயே இருக்கும். பட வடிவில் கொடுங்கள்.

படி 11: வெளியிட்ட பிறகு

விண்ணப்பங்களுக்கு யார் பதில் சொல்வது, எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வையுங்கள். தலைமை ஆய்வாளர் வேலை மாறிப் போனதும் பதிலே வராத மின்னஞ்சல் முகவரிதான் பல தொகுப்புகளின் கதி. தனிநபர் முகவரி வேண்டாம், துறையின் பொது முகவரி கொடுங்கள். யாராவது அடையாளம் காணப்பட்டதாகத் தகவல் வந்தால், அன்றே கோப்பைப் பொதுப் பார்வையிலிருந்து இறக்குங்கள். நிறுவனத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் சொல்லுங்கள். பதிவு செய்து பதிவிறக்கியவர்களுக்குப் பழைய பிரதியை அழிக்கும்படி எழுதுங்கள். இணைப்புப் பட்டியல் இன்னும் இருந்தால், பாதிக்கப்பட்டவரை நேரில் சந்தித்து, நடந்ததை மறைக்காமல் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். திருத்திய கோப்பைப் புதிய பதிப்பு எண்ணோடு ஏற்றி, எந்தப் பத்தி ஏன் மாறியது என்று எழுதுங்கள்; ஆனால் எந்த வரிசை என்று குறிப்பிடாதீர்கள்.